மடுல்சீமைக்குக் கரப்பந்தாட்டம் பார்க்கப் போனது

விளையாட்டை வகுப்பறையில் உட்கார்ந்து படிக்கிறவள் நான். கொழும்பில் முதுகலை, சமூகத்திலும் பண்பாட்டிலும் விளையாட்டுக்கு என்ன இடம் என்பது பாடம். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும், "அப்ப நீர் என்ன விளையாடுவீர்?" என்று கேட்பார்கள். ஒன்றும் விளையாடுவதில்லை. பாடசாலையில் நன்றாக விளையாடிய தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கலியாணத்துக்குப் பிறகு ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது என் ஆய்வுக் கேள்வி. ஊர் பேசும், புருஷன் விடமாட்டான் என்று பதிலையும் பாதி எழுதி வைத்திருந்தேன்.

போன மாசி மாதம் என் தோழி கௌரி அழைத்தாள். மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் அவள் ஆசிரியை. அவள் இருக்கும் தோட்டத்தில் மேல் பிரிவுப் பெண்களும் கீழ்ப் பிரிவுப் பெண்களும் ஞாயிற்றுக்கிழமை கரப்பந்தாட்டம் ஆடப்போகிறார்களாம். இதற்கு முன் நடந்ததே இல்லையாம். உடனே கிளம்பினேன்.

கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயிலில் ஏறக்குறைய பத்து மணித்தியாலம். நானுஓயா வரை நின்றுகொண்டே வந்தேன். பண்டாரவளையில் மரக்கறி மூட்டைகளோடு ஒரு கூட்டம் ஏறியது. ஹாலிஎல வந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பக்கூடத் தெம்பில்லை. படங்களில் பார்க்கிற மலைரயில் பயணம் இருக்கையில் இடம் கிடைத்தவர்களுக்கு உரியது. முன்பதிவு செய்யுங்கள்.

இரவு பதுளையில் தங்கி, ஞாயிறு காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினேன். மடுல்சீமை நாற்பது கிலோமீட்டர் அளவுதான், ஆனால் மூன்று மணித்தியாலம் ஆகிவிட்டது. பசறை வரை பாதை நல்லது. அதன் பிறகு வளைவுகளும் குழிகளும். எனக்கு இரண்டு தடவை வாந்தி வந்தது. பக்கத்திலிருந்த பெண், மணந்து பார்க்கச் சொல்லி ஒரு தோடம்பழத்தோலை என் கையில் வைத்தாள்.

டவுனில் கௌரி சொல்லி அனுப்பியிருந்த ஆட்டோ நின்றது. ஓட்டுநர் பெயர் சிவா, முப்பது வயதிருக்கும். பாதி வழியில் ஒரு ஏற்றத்தில் ஆட்டோ திணறியபோது, "மிஸ், நீங்க பாக்க வந்த ரஞ்சனி என் பொஞ்சாதிதாங்க" என்றார்.

கௌரி சொல்லியிருந்த ரஞ்சனிதான் ஆட்டத்தை ஏற்பாடு செய்தவள். பாடசாலைக் காலத்தில் மாகாண அணி வரை போனவள், இப்போது கொழுந்தெடுக்கிறாள்.

"ஒரு ஒதவி செய்யணும் மிஸ். இன்னைக்கி வெளையாட வேணாம்னு நீங்க சொல்லுங்க. படிச்சவங்க சொன்னா கேப்பா."

வந்துவிட்டது என் பதில் என்று நினைத்துக்கொண்டேன். "ஏன், ஊர் ஏதாவது பேசுமெண்டோ?"

"ஊரு கெடக்குதுங்க. இன்னைக்கும் கைக்காசுக்கு மலைக்கிப் போயிருக்கா. போன கெழம கொழுந்துப் பையோட மயங்கி விழுந்தா. இன்னைக்கி குதிச்சிட்டு வந்தா நாளைக்கிக் காலையில பெரட்டுக்கு எந்திரிக்க மாட்டா. லேட்டாப் போனா அரைப்பேருதான் போடுவாங்க."

கைக்காசு என்பது லீவு நாளில் கொழுந்தெடுத்துக் கிலோக் கணக்கில் காசு வாங்குவது, பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற கூட்டம். அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம். நான் பாதி எழுதியிருந்த ஆய்வு அத்தியாயத்தில் களைப்பு என்ற சொல்லே இல்லை.

கொழுந்து நிறுத்து முடிந்து ரஞ்சனி இறங்கி வரும்போது பிற்பகல் இரண்டரை. தோளெல்லாம் ஈரம். அவர்களுடைய லயத்து வரிசை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக் காலிலிருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தாள். சிவா சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். மறைத்தால் என் ஆய்வுக்கு ஆட்டம் கிடைத்துவிடும், அந்தச் சுயநலம் உறுத்தியதாலேயே சொல்லிவிட்டேன்.

"அவரு சொல்லி விட்டாரா?" சிரித்தாள். "பொய்யில்ல மிஸ். ஒடம்பு முடியலதான். ஆனா வாரம் பூராவும் தொரைமாருக்காகத்தானே களைச்சுப் போறேன். ஒரு நாளைக்கி எனக்காகக் களைச்சுப் போறேனே."

தேநீரை நின்றபடியே குடித்துவிட்டுப் போனாள்.

பாடசாலைக்குப் பின்னால் மைதானம். இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவே வலை. பெண்கள் பழைய டீசேர்ட்டும் பாவாடைக்குள் காற்சட்டையுமாக வந்தார்கள். இரண்டு லயத்துச் சனமும் வரம்பில் உட்கார்ந்திருந்தது. சிவா மட்டும் ஆட்டோவுக்குள் முதுகைக் காட்டி இருந்தார்.

முதல் சுற்றில் ரஞ்சனியின் கீழ்ப் பிரிவு மோசமாகத் தோற்றது. யாருக்கும் கால் ஓடவில்லை. பந்து விழுந்த பிறகே கை நீண்டது. இரண்டாவது சுற்றில் ரஞ்சனி தலைக்கு மேல் பந்தைத் தூக்கி அடிக்கத் தொடங்கினாள். அந்த அடிகளை மேல் பிரிவால் எடுக்க முடியவில்லை. ஆளுக்கொரு சுற்று என்று சமமானது.

கடைசிச் சுற்றின் நடுவில், எம்பி அடித்தவள் இறங்கும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டது. வலியில் முகம் கோணிப் போயிற்று.

ஆட்டோவிலிருந்து சிவா ஓடி வந்தார். முதுகைக் காட்டி இருந்தவர் எப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அவள் காலைத் தூக்கி மடியில் வைத்து நீவினார். "சொன்னா கேக்குறியா? கேக்குறியா?" என்று திட்டிக்கொண்டே நீவினார். இரண்டு லயமும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. மேல் பிரிவு அணித்தலைவி தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து சிவாவின் பக்கத்தில் வைத்தாள்.

"போதும், வா வீட்டுக்கு."

"இன்னும் கொஞ்சந்தாங்க."

அவர் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். இந்தமுறை ஆட்டோவுக்குத் திரும்பிப் போகாமல் கோட்டருகே நின்றார். கீழ்ப் பிரிவு இரண்டு புள்ளியால் தோற்றது. பனிமூட்டம் இறங்க, எல்லோரும் நொண்டி நொண்டிச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். சமைக்கும் வேலை மிச்சமிருந்தது.

அன்று கௌரியின் குவாட்டர்ஸில் கட்டையாகத் தூங்கினேன். காலையில் சிவா டவுனுக்கு ஏற்றிப் போனார்.

"ரஞ்சனி எழும்பினவவோ?"

"எந்திரிச்சா. நடக்கத்தான் நேரமாச்சு. அரைப்பேரு." பிறகு, "அடுத்த மாசம் திரும்ப ஆடணுமாம். நான்தான் வலை வாங்கியாறணுமாம்" என்றார். பசறையில் விலை குறைவாக இருக்குமா, பதுளையிலா என்று என்னிடம் கேட்டார்.

பஸ்ஸில் பாதி எழுதியிருந்த அத்தியாயத்தைத் திறந்து பார்த்தேன். ஊரும் புருஷனும் முழுப் பொய்யல்ல. வேறு வீடுகளில் அவையும் இருக்கும். ஆனாலும் முதலிலிருந்து எழுத வேண்டும். அந்த நினைப்பே அலுப்பாக இருந்தது. மூடி வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.

போகிறவர்களுக்கு: பதுளையிலிருந்து காலையிலேயே பஸ் எடுங்கள், பிற்பகலில் குறைவு, பனிமூட்டமும் வந்துவிடும். வாந்தி வருகிறவர்கள் முன்னிருக்கை பிடியுங்கள். கம்பளிச்சட்டையும் அட்டைக்கு உப்பும் வேண்டும். ஆட்டோவுக்குப் போகவர இரண்டாயிரம் கொடுத்தேன். பாதையைப் பார்த்தால் அது அதிகமில்லை. என்னைப்போல் கேள்விகளோடு போகிறவர்கள், மலையிலிருந்து இறங்கி வருகிறவர் முதலில் உட்காரட்டும் என்று விடுங்கள், பிறகு கேளுங்கள்.