மூன்றாவது அழைப்பு

வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆகவே விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கச்சேரி வாசலில் டவாலி போட்ட சேவகர் மூன்று முறை கூப்பிட்டும் கட்சிக்காரர் குரல் கொடுக்காவிட்டால் வழக்கு எக்ஸ்பார்ட்டி, அதாவது எதிராளி பக்கமே முடிந்துவிடும். ஐந்து வயதுப் பெண் குரல் கொடுத்தால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். நடவுக்காலத்தில் வாய்க்கால் கரைப் புங்கமரத்துத் தூளியில் என்னைப் போட்டுவிட்டு அம்மா எங்கள் குத்தகை வயலில் இறங்குவாள். நான் அழுதால், குனிந்த முதுகு நிமிராமலே "இருக்கேன்டி!" என்று கத்துவாள். எனக்குப் பேச்சு வந்த பிறகு அவள் என் பெயரைக் கூப்பிடுவாள், நான் "இருக்கேன்!" என்பேன்.

நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதாரின் காரியக்காரருக்கு இது ஆகாது.

"நடவு நடுறியா, பாட்டுக் கச்சேரி நடத்துறியா?"

"கைதானேங்க நடுது, வாயா நடுது?" என்பாள் அம்மா.

குத்தகைதாரரை வெளியேற்றக் கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. அதனால் மிராசுதார், அந்த வயலில் நாங்கள் கால் வைத்ததே இல்லை என்று வழக்குப் போட்டார். அது போனால் எங்களுக்கு வேறு வயல் கிடையாது. தாலுகா கச்சேரியில் விசாரணையன்று, வக்கீலைத் தேடி அப்பா டீக்கடைக்குப் போன நேரம் பார்த்து அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

முதல் அழைப்பில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இரண்டாவதில் வாய் திறந்தாள். நாலு வயல் தாண்டிக் கேட்கும் அந்தக் குரல் வரவில்லை. காரியக்காரர் சிரித்தார். மூன்றாவது அழைப்புக்கு நான் கத்தினேன்.

"இருக்கேன்!"

கச்சேரியே சிரித்தது. அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நீதான் குத்தகைக்காரியா? நடவப்போ எங்கே இருந்தே?"

"தூளியில. இந்த ஐயாதான் வரப்புல நின்னு, பாட்டுக் கச்சேரியான்னு அம்மாவைத் திட்டுவாரு."

அது சாட்சியமாகச் செல்லாது. ஆனால் காரியக்காரரின் சிரிப்பு நின்றதை அதிகாரி பார்த்துவிட்டார். அதற்குள் அப்பா வக்கீலோடு ஓடி வந்தார். வயல் எங்களிடமே நின்றது.

பிற்பாடு எத்தனையோ அமைச்சர்கள், கலெக்டர்கள் முன்னால் நின்றேன், குரல் தடுமாறியதில்லை. பயிற்சிக் கல்லூரியில் கற்றது என்று நினைத்தார்கள். கூப்பிட்டால் ஓர் ஆள் இருக்கும் என்பதைத் தூளியிலேயே கற்றுக்கொண்டு வந்தவள் நான்.

அன்று திரும்பும் வழியில் அம்மா கேட்டாள்: "பயமா இல்லையாடி?"

"நீதான் கையைப் பிடிச்சிருந்தியே."

ஊர் வரைக்கும் அந்தக் கையை அவள் விடவே இல்லை. நான் விழுந்துவிடாமலிருக்கப் பிடித்திருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டு நடந்தேன்.