அக்கரையிலும் காற்றில்லை

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஆடி மாதம். குற்றாலத்தில் சீசன் நேரம். தென்காசியில் எங்கள் வீட்டு மாடி அறைதான் அப்போதும் இப்போதும் என் ஆபீஸ். என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் இன்றைக்கும் திணறுவேன். இந்தியா, இலங்கை, நேபாளம் என்று பக்கத்துப் பக்கத்து நாடுகள் மின்சாரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டால், அடுத்த இருபது வருடத்தில் எங்கே என்ன மின்நிலையம் கட்டவேண்டும், எதைக் கட்டாமல் தப்பிக்கலாம் என்று கணினியில் கணக்குப் போடுவது. என் கணவர் இதற்கு வைத்திருக்கும் பெயர் கரண்டு ஜோசியம்.

இலங்கைக் கணக்கைப் பார்த்தவள் மன்னாரைச் சேர்ந்த பெண். என்னைவிட இளையவள், வாய் நிறைய 'அக்கா' என்பாள். திரையில் மட்டுமே பார்த்துப் பழகிய எங்களுக்கு நேரில் சந்திக்க ஆசை. அறிக்கையை முடித்து, சென்னையில் இருக்கும் எங்கள் தலைவரிடம் ஒப்படைத்தோம். அவர் மறுநாள் மாலைக்குள் இரு நாட்டு அதிகாரிகளுக்கும் அனுப்பிவிடுவார் என்று ஏற்பாடு. அந்த மறுநாள் காலையில்தான் அவள் தென்காசியில் ரயிலைவிட்டு இறங்கினாள். நேரே குற்றாலத்துக்குக் கூட்டிப்போனோம்.

சாரலைப் பற்றி நான் அவளிடம் அளந்திருந்த அளப்புக்கு, அன்று மானம் போய்விட்டது. அருவி மெலிந்து கிடந்தது. ஓர் இலை அசையவில்லை. வியர்வை வேறு. சமாளிக்க ஆளுக்கொரு மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

"நீங்க வாரீயன்னு தெரிஞ்சு காத்தும் லீவு போட்டுட்டு போல. நாலு நாளா ஒரு கரண்டு காத்தாடியும் சுத்தலை பாத்துக்கிடுங்க" என்றார் கணவர்.

அவள் சிரித்தாள். "எங்கட ஊரிலயும் இதே கதைதான் அத்தான். காத்தாலையள் எல்லாம் சும்மா நிக்குதாம். புழுங்குது எண்டு அம்மா ஒரே புலம்பல்."

என் கையில் பஜ்ஜி பாதியில் நின்றது. அவள் சிரிப்பும் பாதியில் நின்றது. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம்.

விஷயம் இதுதான். இருபது வருடத்தின் ஒவ்வொரு மணி நேரத்தையும் கணினியில் ஓட்டினால் முடிகிற காரியமில்லை. அதனால் சில மாதிரி நாட்களை எடுத்து, அதை வைத்தே வருடத்தை ஓட்டுவோம். இந்தப் பக்கத்து நாட்களை நான் எடுத்தேன், அந்தப் பக்கத்தை அவள் எடுத்தாள். தனித்தனியாக இரண்டும் சரி. ஆனால் சேர்த்து வைத்தபோது, இங்கே காற்று நின்ற நாளுக்கு நேராக, மன்னாரில் பிய்த்துக்கொண்டு அடித்த நாள் வந்து உட்கார்ந்துவிட்டது. கணினிக்கு என்ன தெரியும்? கடலுக்கு அடியில் கேபிள் போட்டு அங்கிருந்து வாங்கிக்கொள் என்றது. அதை நம்பி, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய பேட்டரி நிலையம் தேவையே இல்லை என்று நாங்கள் திட்டவட்டமாக எழுதியிருந்தோம். இங்கே அடிப்பதும் அங்கே அடிப்பதும் ஒரே தென்மேற்குக் காற்று. நின்றால் சேர்ந்துதான் நிற்கும். எங்கள் பேச்சை நம்பினால் ஒருநாள் இரண்டு கரையும் ஒன்றாக இருட்டில் உட்கார வேண்டியதுதான்.

தலைவர் அனுப்புமுன் தடுக்கவேண்டும்; அருவிக் கூட்டத்தில் போனில் சிக்னல் இல்லை. காருக்கு ஓடினோம்.

"என்னட்டி ஆச்சு? பஜ்ஜில எதும் கெடந்துச்சா?"

"வண்டிய எடுங்க முதல்ல, சொல்லுதேன்."

தென்காசி நெருங்கும்போது சிக்னல் வந்தது. தலைவருக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. அறிக்கை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். முதலில் போகிற அறிக்கையைத்தான் எல்லோரும் படிப்பார்கள்; பின்னால் போகிற திருத்தத்தை யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்? அவள் பின்சீட்டில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவரே கூப்பிட்டார். குரலில் எரிச்சல். "காலையிலேருந்து வீட்டுல கரண்ட் இல்லைம்மா. மாதாந்திரப் பராமரிப்பாம். லேப்டாப்பும் அணைஞ்சுபோச்சு. உங்க அறிக்கையை இன்னும் அனுப்பலை, கோவிச்சுக்காதே."

நாங்கள் போட்ட கூச்சலில் கணவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். அவள் பின்னாலிருந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகைதான் வந்தது, அப்படி ஒரு நிம்மதி.

"கரண்டு போனதுக்கு இப்படிக் கொண்டாடுத ஆளுகள இப்பந்தான் பாக்கேன்" என்றார் கணவர்.

தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். "நல்லவேளை. திருத்திட்டு வாங்க" என்றார். மாடி அறையில் உட்கார்ந்து, எல்லா நாட்டுக்கும் ஒரே தேதிகளை எடுத்து மறுபடி ஓட்டினோம். கேபிள் அப்படியே இருந்தது, மற்ற மாதங்களில் அதற்கு வேலை உண்டு. பேட்டரி நிலையம் திரும்பி வந்தது. அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் காற்றும் எழும்பியது. அருவியில் நின்று ஆசை தீரக் குளித்தாள்.

இப்போதும் மின்தடை வந்தால் வீட்டில் எல்லோரும் முணுமுணுப்பார்கள்; என் வாயிலிருந்து மட்டும் ஒரு சொல் வராது. எந்தக் கணக்கை முடித்தாலும், அனுப்புமுன் மன்னாருக்கு ஒரு போன் போட்டு, "அங்கன காத்து எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டால்தான் எனக்கு மூச்சு சீராக வருகிறது.