வரிக்குப் பயந்து வள்ளம் ஏறிய கதை

சம்பளம் கூடினால் கைக்கு வருவது குறையும் — போன மாதம் வரைக்கும் நான் இதை முழுமனதோடு நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்க வேண்டாம். உங்களிலும் இரண்டொருவர் இப்போதும் நம்பிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்!

நயினாதீவுக் கிளைக் கந்தோரில் கடிதமும் கணக்கும் எழுதும் லிகிதராகக் காலந்தள்ளும் எனக்கு, யாழ்ப்பாணத்துப் பெரிய கந்தோரிலிருந்து பதவி உயர்வு வந்தது. சம்பளத்தில் ஐம்பது ரூபாய் கூடும். கூடவே வருமான வரி எல்லையையும் தாண்டும். தாண்டினால்? முழுச் சம்பளத்துக்கும் வரி! இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகவே கண்டுபிடித்தது.

ஏற்கெனவே விதவைகள் அநாதைகள் நிதிக்கு ஒரு வெட்டு — நான் செத்தபின் மனைவிக்கு உதவ, உயிரோடு இருக்கும்போதே என்னைக் கொஞ்சம் கொல்லும் ஏற்பாடு. கந்தோரில் எடுத்த இடர்கடனுக்கு இன்னொரு வெட்டு. மிஞ்சுவதில்தான் யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படிக்கும் மகளுக்குக் காசு கட்ட வேண்டும். இந்தத் தவணை அதுவும் கூடிவிட்டது. இதற்குள் வரியும் விழுந்தால்... பிள்ளையை மறித்து வீட்டில் இருத்த வேண்டியதுதான்.

பயத்தில் என்ன செய்தேன்? ‘பதவி உயர்வு வேண்டாம்’ என்று பெரிய கந்தோர்ப் பெரியவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். திங்கட்கிழமை காலை, யாழ்ப்பாணம் போக லோஞ்சுப் படகுக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மார்க்கண்டு அண்ணையின் கையில் கொடுத்துவிட்டேன்.

தீவில் அவசரக் கடிதத்தை யார் தபாலில் போடுகிறார்கள்? பயணம் போகிறவர் கையில்தான் கொடுப்போம். அதிலும் மார்க்கண்டு அண்ணையிடம் கொடுத்தால் மருந்தோ, முருங்கைக்காயோ, சாதகமோ — உரியவர் கையில் வைத்துவிட்டுத்தான் மனிதர் தண்ணீர் குடிப்பார்.

நிம்மதியாக வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். குசினிக்குள் இருந்தவள் அகப்பையோடு வெளியே வந்தாள்.

“லோஞ்சிலை மூண்டு மூட்டை ஏத்தினால் எத்தினைக்குக் கூலி?”

“ஒண்டு சும்மா. மிச்சம் ரெண்டுக்கும்தான். மூண்டுக்கும் கேட்டவனோடை நான் சண்டையெல்லோ பிடிச்சனான்!”

“வரியும் அப்பிடித்தான். எல்லைக்கு மேலை உள்ள காசுக்குத்தான் வெட்டு. கொழும்பிலை என்ரை தம்பி எவ்வளவு காலமாய்க் கட்டுறான்! விசரே உங்களுக்கு? கூடின விடுதிக் காசை எதாலை கட்டுறது? உங்கடை சுருட்டாலையோ?”

கொடியில் கிடந்த சால்வையை இழுத்துத் தோளில் போட்டேன். இறங்குதுறைக்கு ஓடினேன். லோஞ்ச் நடுக்கடலில்.

வலை உதறிக்கொண்டிருந்த சூசை அண்ணையிடம் மோட்டர் வள்ளம் இருந்தது. “இந்தச் சோளகக் காத்துக்கை நாப்பது ரூபாய்க்குக் குறைய ஏலாது” என்றார். பேரம் பேசாத முதல் தீவான் நான்தான்! அலை ஒவ்வொன்றும் என் சட்டைக்குள் இறங்கி ஏறியது. கண் மட்டும் முன்னால் போகும் லோஞ்சிலே. அது அக்கரையில், குறிகட்டுவான் துறையில் கட்டியாயிற்று... ஆட்கள் பஸ் ஏறுகிறார்கள்... பஸ் புகைவிடுகிறது...

கரையில் குதித்து, சால்வையைக் கழற்றி வீசி வீசி ஓடினேன். சாரதி இரங்கி நிறுத்தினார்.

“அண்ணை, கடிதத்தைத் தாங்கோ!”

மார்க்கண்டு அண்ணை சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். “இதிலை ஆற்றை பேர் கிடக்கு?”

“பெரியவற்றை பேர்.”

“உம்மடை பேர் இல்லைத்தானே? அப்ப உம்மட்டைத் தர ஏலாது.”

பஸ் முழுவதும் கேட்க என் மடத்தனத்தை ஒப்புவித்தேன். பின்னால் இருந்த ஓர் அக்காவுக்கே பாவமாகிவிட்டது. “குடுங்கோ அண்ணை, அந்தாள் அழப்போகுது.”

“அழட்டும் பிள்ளை. கடிதம் கடிதம்தான்.”

யாழ்ப்பாணம் வரைக்கும் அவர் பக்கத்தில் ஈரத்தோடு இருந்தேன். அந்தச் சட்டைப்பைக்குள் என் மகளின் படிப்பு இருந்தது. பறித்துவிடலாமா? ஆள் என்னிலும் இரட்டிப்பு.

பெரிய கந்தோரில் மார்க்கண்டு அண்ணை கடிதத்தைப் பெரியவரின் கையிலேயே வைத்தார். வைத்தவர் போகவுமில்லை. பெரியவர் உடைத்தார். வாசித்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என் சட்டையைப் பார்த்தார்.

“இதை நான் இப்ப கொழும்புக்கு அனுப்ப வேணும். தெரியுமோ?”

“ஐயா... மூண்டு மூட்டை...” என்றேன்.

“என்ன மூட்டை?”

மூட்டைக் கதையைச் சொல்லி முடித்தேன். கந்தோரில் தட்டச்சுச் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. பெரியவர் கடிதத்தை நாலாய் மடித்து, என் பக்கம் தள்ளினார்.

“உந்தக் கடிதத்தை நான் காணேல்லை.”

“கண்டனீங்கள் ஐயா,” என்றார் மார்க்கண்டு அண்ணை. “நான் சாட்சி.”

பெரியவர் சிரித்தார். நான் கடிதத்தை எடுத்து என் ஈரச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டேன்.

பதவி உயர்வு கிடைத்தது. மகள் விடுதியில்தான் நிற்கிறாள். வரியும் மற்ற வெட்டுகளும் போக, முதல் மாதம் என் கைக்குக் கூடுதலாக வந்தது முப்பத்தெட்டு ரூபாய்.

வள்ளக் கூலி நாற்பது.