உறக்கம் வராத மாத்திரை

சொர்ணத்தாயைப் போல ஒரு வாய்க்காரியை நான் பார்த்ததில்லை. கரிசல் காட்டில் ஒற்றை ஆளாக ஆடு மேய்ப்பவள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் என் மருந்துக்கடைக்குள்ளும் தழை ஒடிக்கும் தொரட்டிக் கம்போடுதான் நுழைவாள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அவளுக்குக் காணாக்கடி வந்தது. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வீங்கி, ரத்தம் வரச் சொறிந்தாள். டாக்டர் அரிப்புக்குச் செட்ரிசின் மாத்திரை எழுதியிருந்தார்; அதில் உறக்கம் அவ்வளவாக வராது. கொடுத்தேன். இரண்டே நாளில் மாத்திரை அட்டை என் மூஞ்சியில் வந்து விழுந்தது.

"என்னத்த அண்ணாச்சி குடுத்திய? கண்ணு சொக்கவே மாட்டேங்குது. இதெல்லாம் ஒரு மருந்தா?"

"அரிப்பு நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு. உறக்கம் வரலையே! எங்க வீட்டுக்காரரு முன்னாடி சாப்பிட்டது ஆளையே சாய்ச்சிரும். அதைக் குடுங்க."

ஆளைச் சாய்த்தால்தான் மருந்து என்று இந்தப் பக்கத்தில் ஒரு நினைப்பு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "காட்டுல நிக்கிறவளுக்கு உறக்கம் எதுக்குட்டி? அந்த மாத்திரை தர முடியாது, போ!" என்று கத்தினேன். அவள் என்னை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, அடுத்த கடையில் ஆளைச் சாய்க்கும் அந்தப் பழைய சிபிஎம் மாத்திரையை வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானம் அதில் இரண்டைப் போட்டுக்கொண்டு, அட்டையைப் பக்கத்திலேயே போட்டுவிட்டு, வேலிக்கருவை மரத்தடியில் சாய்ந்துவிட்டாள். ஆடுகள் பக்கத்து நிலத்துக்காரன் செண்பகராஜின் உளுந்துக்குள் இறங்கின. அவன் ஈவு இரக்கமில்லாத பயல். அரிவாளோடு வந்து கிடாயின் பின்னங்காலை வெட்டினான். பிறகு அரிவாளைத் திருப்பிப் பிடித்து அவள் மண்டையில் அடித்தான். முதல் அடி விழுந்ததே அவளுக்குத் தெரியாது. இரண்டாவது அடியில்தான் கண் விழித்தாள்.

"மாத்திரையைப் போட்டுட்டு உறங்குதியோ? இன்னொரு தடவை உறங்கு. அத்தனை ஆட்டையும் ஓட்டிட்டுப் போயிருதேன்" என்று மிதித்துவிட்டுப் போனான்.

தையல் போட்ட தலையோடு கடைக்கு வந்தாள். சிபிஎம்மை நிறுத்திவிட்டதால் கையெல்லாம் மறுபடி தடிப்பு.

"அன்னைக்கு உங்க மேல எறிஞ்சேம்லா, அந்த மாத்திரையைக் குடுங்க."

"அதுல உறக்கம் வராதே?"

"வரக் கூடாது அண்ணாச்சி."

நாலைந்து நாள் போனது. அதே மரத்தடியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாளாம். ஆடுகள் தரிசில்தான் மேய்ந்தன. செண்பகராஜ் எட்டிப் பார்த்திருக்கிறான். உறங்குகிறாள் என்று நினைத்து ஒரு குட்டியைத் தூக்கித் தோளில் போட்டான். தொரட்டிக் கம்பு அவன் முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் பக்கத்துக் காட்டுக்கே கேட்டதாம். அடுத்த அடியில் அவன் தரையில் கிடந்தான்.

"ஏட்டி, நீ உறங்கலையா?" என்று அலறினானாம்.

"எப்படி உறங்குவேன்? அண்ணாச்சிதான் மாத்திரையை மாத்திக் குடுத்துட்டாவளே" என்று சொல்லிக்கொண்டே மறுபடி ஓங்கினாளாம்.