படிவத்தில் இல்லாத ஆடுகள்

'தங்கள் விண்ணப்பம் பரிசீலனைக்கு ஏற்கப்பட்டுள்ளது.' கல்வி உதவித்தொகை கேட்டவர்களுக்குக் கல்லூரி அனுப்பும் கடிதம் இப்படித்தான் தொடங்கும். என் புஞ்சையில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடுகிற பசுவந்தனை ஊர்க்காரர், மகளுக்குப் பணம் கிடைத்துவிட்டதென்று ஊருக்கே மிட்டாய் கொடுத்துவிட்டார். 'ஏற்கப்பட்டுள்ளது' என்றால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். விஷயம் கடைசி வரியில் இருந்தது: மாதக் கடைசிக்குள் வருமானச் சான்று வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. தள்ளுபடியானால் அந்தப் பெண் படிப்பை நிறுத்த வேண்டியதுதான்.

சான்றுக்கு அவர் ஏற்கெனவே மனுப் போட்டிருந்தார். 'விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை' என்று எழுதித் திருப்பியிருந்தார்கள். வருவாய்த் துறையில் பாதி ஆயுளைக் கழித்த எனக்கே புரியவில்லை. அவரிடமே கேட்டேன்.

"கெடையில ஆடு எத்தனைன்னு கேட்டாவ அண்ணாச்சி. சாமி குடுத்தது கெடக்குன்னேன்."

ஆட்டை எண்ணி வாயால் சொன்னால் மந்தை அழியும் என்பது கிடை போடுகிறவர்கள் நம்பிக்கை. பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார். அதற்குப் பெயர் ஒத்துழையாமையாம்.

மறுநாள் அவரையும் அழைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் போனேன். என்னிடம் வேலை பழகிய ஆள்தான் அங்கே நாற்காலியில் இருந்தார். படிவத்தை அவர் முன்னால் விரித்தேன்.

"நிலம் கேட்டிருக்கு, கூலி கேட்டிருக்கு. ஆட்டு எண்ணிக்கை எந்தக் கட்டத்துல இருக்கு? காட்டும் பாப்போம்."

"ஒரு விசாரணைக்குத்தான் அண்ணாச்சி. கேக்காம எப்படி எழுதுதது?"

"கேட்டு எங்க எழுதப் போறீரு?"

அவர் பேனாவை மூடி வைத்தார். பேனா மூடினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானே எத்தனை பேருக்கு மூடியிருக்கிறேன். விதியை எழுத்தில் தரும்படி கேட்கலாம், மேலே மனுச் செய்யலாம். அதற்குள் மாதம் முடிந்துவிடும்.

நான் அடுத்ததைப் பேச வாயெடுப்பதற்குள், பக்கத்தில் நின்ற பசுவந்தனைக்காரர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெதுவாக ஒரு எண்ணைச் சொன்னார். ஆனாலும் கூடத்தில் இருந்த எல்லோர் காதிலும் அது விழுந்தது.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்லா" என்றார் அதிகாரி. அந்த எண்ணை எங்கும் குறிக்கவில்லை. வருமானக் கட்டத்தில் தன் மனதுக்குத் தோன்றிய ஒரு தொகையைப் போட்டுக் கையெழுத்திட்டு, முத்திரையை அழுத்தினார்.

சான்று நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தது. பெண் படித்தாள். ஆனால் அன்றைக்குப் பேருந்து நிறுத்தம் வரை பசுவந்தனைக்காரர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். பேருந்து வந்ததும் படியில் கால் வைத்தபடி திரும்பினார்.

"வாய்விட்டுச் சொன்னதுக்கு, அத எழுதியாவது வச்சிருக்கலாம் அண்ணாச்சி."