இரண்டு புதுக் கட்டடங்கள்

பதுளையின் பழைய கட்டடங்களை யாராவது புகழ்ந்தால் எனக்கு எரிச்சல் வரும். எட்டு மூலைச் சந்தை, கருங்கல் தேவாலயம், வெள்ளைக்காரன் எழுப்பிய அலுவலகங்கள். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. படம் பிடிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளட்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில், தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர் எடுக்கிறார்கள் என்று எனக்கும் கடிதம் வந்தது. காலை ஒன்பது மணிக்குப் புதிய கட்டடத்தில் நேர்முகப் பரீட்சை. இதை விட்டால் வயது தாண்டிவிடும். பிறகு நானும் அம்மாவைப் போலக் கூடையை மாட்டிக்கொண்டு மலையேற வேண்டியதுதான்.

அம்மா அன்று கொழுந்து பறிக்கப் போகவில்லை. லுணுகலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் பதுளையில் வந்திறங்கியதும், "புதுக் கட்டடந்தானே, எனக்குத் தெரியாதா?" என்று விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

கல்தூண்களும் உயர்ந்த கூரையும் கொண்ட பழங்காலத்துக் கட்டடம் ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். அவளுடைய அப்பா காலத்தில் அது புதிது. எங்கள் லயத்து வீடுகளில் அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. எனக்கும் அதுதான் புதுக் கட்டடம். படித்தவள் நான், யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்தரைக்கும் யாரும் கூப்பிடாததால் பியூனிடம் கடிதத்தை நீட்டினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். தெருக்கோடியில் நாலு மாடி, கண்ணாடி ஜன்னல்கள், பெயின்ட் வாசம்கூடப் போகாத கட்டடம்.

ஓடினோம். வழியில் அம்மாவின் செருப்பு அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடிவந்தாள். மூன்றாம் மாடியில், வந்தவர்கள் உட்கார்ந்திருந்த கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்து அதிகாரி ஒருவர் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் முடிஞ்சுது பிள்ளை. மூண்டு தரம் பேர் கூப்பிட்டது, நீர் இல்லை. இனி நான் என்ன செய்யிறது?"

அம்மா செருப்போடு கையைக் கூப்பினாள்.

"வெள்ளனவே வந்துட்டோங்க ஐயா. நான்தான் கட்டடத்த மாத்திக் கூட்டிட்டுப் போயிட்டேன். பிள்ளை மேல தப்பு இல்லீங்க. அரைப் பேராவது போடுங்க, சாமி!"

தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அரைநாள் சம்பளம். அதற்குப் பெயர் அரைப் பேர். ஆட்கள் கெஞ்சிக் கேட்டு வாங்குகிற சலுகைகளில் அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். அவருக்கு அது விளங்கவில்லை, என்னைப் பார்த்தார். வெட்கத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னையே எனக்குப் பிடிக்காது.

அவர் பெருமூச்சு விட்டார். கோப்பைத் திரும்ப அவிழ்த்து, என் பெயருக்கு நேரே வெறுமையாகக் கிடந்த கட்டத்தில் 'சமுகமளிக்கவில்லை' என்று எழுதினார்.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா பேனாவையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டுட்டாராடி?"

"போட்டுட்டாரும்மா."

அம்மா அவரை இரண்டு தரம் கும்பிட்டாள்.