ஓநாய்க்கு எந்தச் சன்னம்

நான் வேலை செய்வது தென் லண்டனில் ஒரு வேட்டைத் துப்பாக்கிக் கடையில். இல்ஃபோர்டில் இருக்கும் என் மச்சாளுக்கு, அதாவது கணவரின் அக்காவுக்கு, அதை வெளியில் சொல்ல வெட்கம். கோயிலில் யாராவது விசாரித்தால், "ஸ்போர்ட்ஸ் கடையில நிக்கிறா" என்று கதையை முடித்துவிடுவார்.

"வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். நீர் போய்த் தோட்டா விக்கிறீர். ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"நினைச்சிட்டுப் போகட்டும் மச்சாள். நான் என்ன களவே எடுக்கிறன்?"

பெட்டி அடுக்கத்தான் முதலில் என்னை எடுத்தார்கள். ஆறு வருடத்தில் எந்தத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுமளவுக்கு வந்துவிட்டேன். படித்ததில் முக்கியமானது ஒன்றுதான். தோட்டாவின் தலையிலிருந்து பாய்கிற துண்டுதான் சன்னம்; முழுக்கச் செம்பு உறை போட்ட சன்னம் உடம்புக்குள் புகுந்து மறுபக்கத்தால் அப்படியே போய்விடும். முனையில் ஈயம் தெரிகிற மென்முனைச் சன்னம் உள்ளே போனதும் விரியும், மிருகம் அதிக தூரம் போகாமல் விழும். முதலாவது காகித இலக்குக்கு. இரண்டாவது உயிருக்கு.

முதலாளி எழுபது வயது வெள்ளைக்காரர், நல்ல மனிதர். ஆனால் வாடிக்கையாளரோடு நான் வாயாடினேன் என்று ஏற்கெனவே ஒரு முறைப்பாடு போயிருந்தது. இன்னொன்று வந்தால் வீட்டோடு இருக்கலாம் என்று சொல்லிவைத்திருந்தார். அவரிலும் பிழையில்லை, எனக்கு வாய் கொஞ்சம் கூடத்தான்.

போன நவம்பரில் ஒருவர் வந்தார். லாட்வியாவுக்கு ஓநாய் வேட்டைக்குப் போகிறாராம். வந்ததும் "ஆண்கள் யாரும் இல்லையா?" என்று கேட்டார். முதலாளி உள்ளே தேநீர் குடிக்கிறார், என்னிடம் கேளுங்கள் என்றேன். அனுமதிப் பத்திரத்தை நீட்டி, முந்நூற்றெட்டு என்ற அளவுத் தோட்டாவில் செம்பு உறைச் சன்னம் போட்டது இரண்டு பெட்டி கேட்டார். தோலைச் சுவரில் மாட்டப்போகிறார், ஓட்டை சின்னதாக இருக்க வேண்டுமாம்.

தோட்டாவின் அளவு சரி, சன்னம்தான் பிழை என்றேன். ஓநாய் மயிரால்தான் பெரிதாகத் தெரியும், உடம்பு ஒல்லி. மென்முனையிலும் பாரமானதை எடுத்தால் அது விரிய முதலே வெளியே போய்விடும். நடுத்தரப் பாரத்தில் எடுங்கள், தோலில் விழும் ஓட்டையைப் பிறகு தைக்கலாம் என்று பொறுமையாகத்தான் சொன்னேன்.

"நீங்கள் எத்தனை ஓநாய் சுட்டிருக்கிறீர்கள்?" என்று சிரித்தார். "பெட்டியை எடுங்கள்."

"தரமாட்டேன்" என்றேன்.

அவர் போட்ட சத்தத்தில் முதலாளி வெளியே வந்தார். என்னைப் பார்த்த பார்வையிலேயே வேலை போய்விட்டது என்று விளங்கியது. போனால் போகட்டும். இந்தக் கண்டறியாத சுவருக்காக ஒரு உயிர் குற்றுயிராய் ஓட வேண்டுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் வலது கெண்டைக்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. லண்டன் மாப்பிள்ளை பேசி வந்தபோது, சைக்கிளால் விழுந்த காயம் என்று அம்மா சொல்லிவிட்டார். கணவரிடம் முதல் வாரமே உண்மையைச் சொன்னேன். மற்ற எல்லோருக்கும் இருபத்தெட்டு வருடமாக அது சைக்கிள்தான்.

காற்சட்டையை முழங்கால்வரை உயர்த்தினேன்.

"இங்கே புகுந்தது. இங்கே வெளியே போனது. எங்கள் ஊர்ப் போரில் பட்ட உறை போட்ட சன்னம். பட்ட பிறகும் நான் ஓடினேன், விடியும்வரை ஓடினேன். எனக்குக் கட்டுப் போட ஒரு தாதி இருந்தாள். உங்கள் ஓநாய்க்கு யார் இருக்கிறார்கள்?"

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு தோட்டாக்கள் இருந்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, "நடுத்தரப் பாரம் என்றால் எது?" என்று மெல்லக் கேட்டார். மென்முனையில் இரண்டு பெட்டி எடுத்துக் கொடுத்தேன்.

அவர் போனபின் முதலாளி நெடுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இனிக் காலைக் காட்ட வேண்டாம். வாயால் சொன்னால் போதும்" என்றார்.

"வாயால்தான் முதலில் சொன்னேன்" என்றேன். அவர் உள்ளே போனார். மறுநாளும் நான் வேலைக்குப் போனேன்.

அதற்கு முன், ஓநாய்க்காரர் வந்த அன்று பின்னேரமே, மச்சாளுக்கு நானாகப் போன் எடுத்தேன்.

"இனி ஸ்போர்ட்ஸ் கடை எண்டு சொல்லாதேங்கோ. தோட்டாக் கடை எண்டே சொல்லுங்கோ. என்ர கால்ல இருக்கிறதும் வெடி பட்ட காயம்தான். அதையும் சொல்லுங்கோ."

மச்சாள் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, அந்தச் சைக்கிள்?"

"சைக்கிள் ஓட எனக்கு இண்டைக்கும் தெரியாது, மச்சாள்."